ஆளுக்கொரு துணி

நம் கோயிலில் திருவிருந்துப் பாத்திரத்தின் விளிம்பைத் துடைக்கிற துணி நன்றாகத்தான் வெளுத்திருக்கிறது, ஐயா. அதில் நான் குறை சொல்ல மாட்டேன். கோயில் பிள்ளை அதற்குக் கஞ்சி போட்டு, இஸ்திரி செய்து, நான்காக மடித்து வைக்கிறார். ஒருவர் குடித்ததும் நீங்கள் அந்த மடிப்பால் விளிம்பை ஒரு சுற்றுத் துடைக்கிறீர்கள், பாத்திரத்தைச் சற்றுத் திருப்பி அடுத்தவர் வாயில் வைக்கிறீர்கள். பத்துப் பேரைத் தாண்டுவதற்குள் துணி நனைந்துவிடுகிறது. நனைந்த துணி துடைக்காது, பூசும். சபையார் கண்ணை மூடி முழங்காலில் இருப்பதால் யாரும் கவனிப்பதில்லை. நான் லேப் வைத்திருப்பவன். எனக்குக் கண்ணை மூட வராது.

நாலு வருஷமாக ஏன் திருவிருந்துக்கு வரவில்லை என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. உங்களுக்கு முன்னால் இருந்த ஆயர் இதைக் கேட்டதே இல்லை. நீங்கள் ஆம்பூருக்கு மாற்றலாகி வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, ஆனாலும் யார் வருகிறார்கள், யார் வரவில்லை என்று பார்த்து வைத்திருக்கிறீர்கள். பொறுப்பு என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

வருகிற ஞாயிறு எனக்கும் ஃபீபிக்கும் முதல் ஓலை. எங்கள் பேரை வாசித்து, இந்த விவாகத்துக்குத் தடை சொல்கிறவர் உண்டா என்று சபையைக் கேட்பீர்கள். அன்றைக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் முழங்காலிட்டு ஒரே பாத்திரத்தில் குடிக்க வேண்டும் என்பது நம் சபையின் பழைய வழக்கம். குடிக்காவிட்டால் அடுத்த ஓலை வாசிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டீர்கள். ஃபீபியைக் கட்டிக்கொள்ள நான் பன்னிரண்டு வருஷமாகக் காத்திருக்கிறேன். ஒரு வாய் திராட்சரசத்தில் அது கெட்டுப்போக வேண்டாம். அதனால்தான் வந்தேன். எனக்கு ஒரு சின்ன வேண்டுகோள் இருக்கிறது. அதைச் சும்மா கேட்டால் கிறுக்கன் என்று நினைப்பீர்கள். காரணத்தைச் சொல்லிவிட்டுக் கேட்கிறேன்.

மேஜைமேல் நான் வைத்த பொட்டலத்தைப் பிரித்துப் பாருங்கள். கடிக்காது.

இதற்குச் சிலும்பி என்று பேர். கஞ்சா குடிக்கிற மண் குழாய். மேல்வாய் அகலம், அடிவாய் குறுகல். உள்ளே ஒரு கூழாங்கல் இருக்கும், அதன்மேல் தூளை அடைத்துப் பற்றவைத்தால் தணல் கீழே விழாது. அடிவாயில் ஈரத்துணி ஒன்றைச் சுற்றிக்கொண்டு, அந்தத் துணி வழியாகத்தான் புகையை இழுக்க வேண்டும். அந்தத் துணிக்குச் சாபி என்பார்கள். உள்பக்கத்தைப் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். ஐந்து வருஷம் புகைந்த குழாய் இது. புதுச்சட்டி வாசம்தான் வரும்.

சும்மா வரவில்லை அந்த வாசம். கஞ்சாப் புகை குழாய்க்குள் தார் மாதிரி ஒரு பிசினை விடும். அது கறுத்துக் கெட்டியாகி, இழுப்பைக் குறைத்து, கசப்பை நாக்கில் ஏற்றும். பெரும்பாலான ஆட்கள் ஈர்க்குச்சியால் குத்திவிட்டு அதையே திரும்பக் குடிப்பார்கள். நான் அப்படி விடமாட்டேன். கல்லைத் தனியாக எடுத்து ஸ்பிரிட் விளக்கில் சிவக்கச் சுடுவேன். குழாயை உப்பும் ஸ்பிரிட்டும் கலந்து ஊறவைப்பேன். நீளத் துணியை முறுக்கிக் குழாய்க்குள் விட்டு, ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டி, மறுமுனையைக் கையில் பிடித்துக்கொண்டு, குழாயை மேலும் கீழும் ஓட்டுவேன். துணி கறுப்பாக வரும், மாற்றுவேன். அடுத்தது பழுப்பாக வரும். துணி போட்ட நிறத்திலேயே திரும்பி வந்த பிறகுதான் நிறுத்துவேன். டெஸ்ட் டியூபையும் இப்படித்தான் கழுவுகிறேன். எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

கஞ்சாவைப் பற்றிப் பிரசங்கம் வேண்டாம், ஐயா. அது நேரம் இருக்கும்போது.

மூன்று பேர் குடித்தோம். நான், ஜெர்சன், அந்தோணி. ஜெர்சன் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். ஷூ கம்பெனியில் கட்டிங் சூப்பர்வைசர். நல்ல உயரம், நல்ல குரல், கோயில் பாடகர் குழுவில் முன்வரிசை. ஃபீபியின் புருஷன். அந்தோணி மாதனூர்க்காரன், தோல் பதனிடும் டிரம்மில் வேலை, கத்தோலிக்க வேதக்கோயிலைச் சேர்ந்தவன். பேச்சு கம்மி. யாருக்காவது தலைவலி என்றால் முதலில் ஓடுகிறவன் அவன்தான். உப்புத்தோல் குடோன் ஒன்றின் மாடியில் அவனுக்கு ஓர் அறை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, பிரியாணி சாப்பிட்டு, மதியத்தில் அங்கே கூடுவோம். கீழே பச்சைத்தோல் அடுக்கியிருக்கிற கட்டடத்தில் கஞ்சா வாசம் எந்த மூக்குக்கும் எட்டாது. நம் ஊரின் வசதி அது.

குழாய் என் பொறுப்பு. துணியும் என் பொறுப்பு. பழைய லேப் கோட்டைக் கிழித்து ஆளுக்கொரு சாபி செய்திருந்தேன். ஜெர்சன் துணியில் நீல நூல், அந்தோணி துணியில் சிவப்பு நூல், என்னுடையது வெறும் வெள்ளை. ஒருவர் குடித்து முடித்ததும் குழாயை வாங்கி, அடிவாயை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, அடுத்தவன் துணியைச் சுற்றிக் கொடுப்பேன். திங்கட்கிழமை மூன்றையும் லேபில் கொதிக்க வைப்பேன். இதற்காக ஜெர்சன் எனக்கு டெட்டால் என்று பேர் வைத்தான். ஃபேக்டரி வரைக்கும் அந்தப் பேர் பரவிவிட்டது. சளியும் மூத்திரமும் கொண்டுவருகிற ஆட்கள்கூட, டெட்டால் சார் இருக்காரா என்று கேட்டார்கள். நான் கோபப்படவில்லை. கிண்டலை எல்லாம் தலையில் ஏற்றிக்கொண்டால் பிழைக்க முடியுமா?

முறை என்று ஒன்று வைத்திருந்தோம். சுத்தம் செய்கிறவன் முதல் இழுப்பு இழுப்பான். குழாய் அடைக்காமல் வருகிறதா என்று பார்க்க வேண்டுமே. எனக்குப் பிறகு ஜெர்சன். கடைசியில் அந்தோணி. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கஞ்சா எனக்குப் பெரிதாகப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் போனதற்கு வேறு காரணம். இரண்டு இழுப்பு உள்ளே போனால் ஜெர்சன் வீட்டுக் கதையை அவிழ்த்துவிடுவான். ஃபீபி என்ன சமைத்தாள், பள்ளிக்கூடத்தில் எந்தப் பிள்ளை என்ன சொன்னது, எதற்குக் கோபித்துக்கொண்டாள், எப்படிச் சமாதானமானாள். நான் துணியைப் பிழிந்துகொண்டே கேட்பேன். அவளை முதலில் பெண் கேட்டது என் வீட்டார். அவள் அப்பா யோசித்துச் சொல்கிறேன் என்றார். பிறகு ஜெர்சனுக்குக் கொடுத்துவிட்டார். அவர் முடிவு என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தொண்ணூற்றாறில் ஒரு ஞாயிறு. மழை பெய்து பாலாற்றில் கொஞ்சம் தண்ணீர் ஓடிய வருஷம். ஜெர்சன் நல்ல குஷியில் இருந்தான்.

"டேய் டெட்டாலு, ஒண்ணு சொன்னா பேஜார் ஆவ மாட்டியே?"

"சொல்லு."

"உன்ன மாப்ளையா பேசறப்ப ஃபீபி அவங்கப்பன்ட்ட இன்னா சொன்னா தெரியுமா? நாள் பூரா ஊரான் எச்சில்ல கை வெக்கிற ஆளு, அந்தக் கையாலயா நான் தாலி கட்டிக்கணும்னு கேட்டாளாம். இப்பக்கூட உம்பேர எடுத்தா போதும், கைய இப்படி சேலையில தொடச்சிக் காட்டுவா. நாங்க ரெண்டு பேரும் சிரிப்பம் பாரு, வயித்த வலிக்கும்."

அவன் தன் சட்டையில் கையைத் துடைத்துக் காட்டினான். விரலை ஒவ்வொன்றாக. அவள் எப்படிச் செய்திருப்பாள் என்று எனக்கு அப்படியே தெரிந்தது. அந்தோணி சிரிக்கவில்லை. "விடு தோஸ்த், அவனுக்குப் போத ஜாஸ்தியாயிடுச்சி" என்று என் முதுகைத் தட்டினான். நானும் சிரித்தேன். வலித்தது, ஐயா. அன்றைக்கு எத்தனை தடவை கை கழுவினேன் என்று தெரியவில்லை. ஆனால் கோபம் இல்லை. கோபத்தில் செய்த காரியம் என்று நீங்கள் நினைக்கக் கூடாது.

சில வாரம் கழித்து அந்தோணி லேபுக்கு வந்தான். ஒரு மாதமாக இருமல், சாயங்காலம் ஆனால் காய்ச்சல், பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. சளி கொடுத்தான். கண்ணாடியில் தடவி, சாயம் ஏற்றி, கழுவி, மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். டி.பி. கிருமி நீலத் தரையில் சிவப்புக் கோடாகத் தெரியும். சிலருக்குத் தேடித் தேடி ஒன்று கிடைக்கும். அந்தோணிக்குத் தேட வேண்டியிருக்கவில்லை. வெற்றிலை போட்டுத் துப்பிய சுவர் மாதிரி இருந்தது.

நான் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கண்ணாடியைக் கழுவிக் காயவைத்தேன்.

"ஒண்ணுமில்ல அந்தோணி. டிரம்முல சுண்ணாம்பும் தோல் தூசும் நெஞ்சில ஒட்டிக்கிது. சிரப்பு எழுதித் தரச் சொல்றேன்."

"நீ பாத்து சொன்னா போதும்பா. அப்ப ஞாயித்துக்கெழம தம் போடலாமா?"

"போடு. ஆனா கம்மியா போடு."

அப்படித்தான் சொன்னேன். கம்மியாக என்று. நண்பனுக்குச் சொல்கிற மாதிரியே சொன்னேன்.

அந்த ஞாயிறு நான் ஒரே ஒரு சாபி கொண்டுபோனேன். குழாய் எப்போதும்போல் பளிச்சென்று இருந்தது. முதல் இழுப்பை இழுத்தேன். அந்தோணி இருமுவதால் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில், எனக்கு அடுத்து உட்காரச் சொன்னேன். ஜெர்சன் கடைசிக்குப் போனான். எச்சில் பட்டால் நோய் ஒட்டும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. டாக்டர்கள் அதை ஒத்துக்கொள்வதில்லை, டி.பி. காற்றில்தான் போகிறது என்பார்கள். நான் இரண்டையும் நம்புகிறவன். அதனால் ஜன்னலையும் சாத்தினேன். தோல் நாற்றம் என்று காரணம் சொன்னேன். நான் வாசல் பக்கம் உட்கார்ந்தேன். அங்கே கொஞ்சம் காற்று வரும்.

அந்தோணி இழுத்து, இருமி, குழாயை நீட்டினான். ஜெர்சன் என்னைப் பார்த்தான்.

"இன்னா டெட்டாலு, என் துணி எங்க?"

"விடுடா. நமக்குள்ள இன்னாடா தனித்துணி?"

அவன் குழாயைக் கீழே வைத்துவிட்டு வந்து என்னைக் கட்டிப்பிடித்தான். "இன்னிக்கித்தாண்டா நீ மனுஷனான. எத்தினி வருசம் எங்கள அசிங்கமா பாத்துக்னு இருந்த, தெரியுமா?" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கும் சந்தோஷமாக இருந்தது. அதற்கு முன்னால் யாரும் என்னை அப்படிக் கட்டிப்பிடித்ததில்லை. கையை எடுக்க மனமில்லாமல் நானும் அவன் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு அவன் உட்கார்ந்து, ஈரத்துணியோடு குழாயை இரண்டு கையிலும் பொத்தி, ஆழமாக இழுத்தான். அடக்கி வைத்திருந்தான். கஞ்சாவில் அதுதானே பழக்கம், உள்ளே போனதை எவ்வளவு நேரம் முடியுமோ அவ்வளவு நேரம் நெஞ்சில் வைத்திருப்பது.

நான் எதையும் கலக்கவில்லை. எதையும் ஊட்டவில்லை. இதுவரை செய்துவந்த ஒரு வேலையைச் செய்யாமல் விட்டேன், அவ்வளவுதான். இதற்கு எந்தச் சட்டத்தில் என்ன பேர் என்று எனக்குத் தெரியாது. ஒரு வருஷத்துக்கு மேல் எல்லா ஞாயிறும் அப்படியே போயிற்று. துணியை மட்டும் திங்கட்கிழமை கொதிக்க வைத்துக்கொண்டுதான் இருந்தேன். அது பழக்கம்.

அந்தோணியை அவன் அக்கா மாதனூருக்கு அழைத்துப் போய்விட்டாள். அங்கேயே செத்தான். சாராயத்தில் குடல் வெந்துவிட்டது என்று சொன்னார்கள். அவன் சாராயமே குடிக்க மாட்டான். அவனைப் பற்றி எனக்கு வருத்தம் உண்டு. என் முதுகைத் தட்டிய கை அது. ஒரு மாலை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் போய்ப் போட்டுவிட்டு வந்தேன். ஆனால் யோசித்துப் பாருங்கள், அவனுக்கு அந்த நோயை நான் கொடுக்கவில்லை. அவனாகக் கொண்டுவந்தான்.

தொண்ணூற்றெட்டில் ஜெர்சனுக்கு இருமல் வந்தது. பாட்டு நடுவில் தொண்டையைச் செருமுவான். பிறகு உட்கார்ந்துகொண்டே பாடினான். அந்த மாதத்திலிருந்து நான் திருவிருந்துக்கு வருவதை நிறுத்தினேன். பாடகர் குழுதானே முதலில் குடிக்கிறது? அந்தப் பாத்திரம் அவன் வாயிலிருந்து சபை முழுக்கப் போய்த்தானே பின்பெஞ்சில் இருக்கிற எனக்கு வரும்? நீங்கள் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். விசுவாசக் குறைவு எதுவும் இல்லை.

சபையில் மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கலாமே என்று உங்கள் முகம் கேட்கிறது. என்னவென்று சொல்வது? ஜெர்சனுக்கு நோய் இருப்பது யாருக்கும் தெரியாதே. ஜெர்சனுக்கே தெரியாது.

அவன் சளியை ஃபீபிதான் கொண்டுவந்தாள். டப்பாவைப் பழைய பேப்பரில் சுற்றி, உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்திருந்தாள். முந்தானையால் மூக்கை மூடியிருந்தாள். நான் கையை நீட்டினேன். என் விரல் படாதபடி டப்பாவை மேஜைமேல் வைத்தாள்.

"அண்ணா, நல்லா பாத்து சொல்லுங்கண்ணா. எனக்கு பயந்து வருது. நீங்க பாத்தாதான் எங்களுக்கு நம்பிக்க."

அண்ணா என்றாள். அந்தச் சொல்லும் எனக்குப் பிடிக்கவில்லை.

அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கதவு இடுக்கில் அவள் செருப்பு தெரிந்தது. நான் பார்த்தேன். சிவப்புக் கோடுகள் இருந்தன. அந்தோணி அளவுக்கு இல்லை, ஆரம்பம்தான். அன்றைக்குச் சொல்லியிருந்தால் ஆறு மாத மாத்திரையில் எழுந்து பாடியிருப்பான். அதை நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டாம், ஐயா. அது என் தொழில்.

"ஒண்ணுமில்லம்மா. தோல் தூசு, அல்லர்ஜி. அந்தப் புகைய விடச் சொல்லு" என்றேன்.

அவள் என் வாசலிலேயே நின்று, கையைக் கூப்பி, ஸ்தோத்திரம் ஆண்டவரே என்று சொன்னாள்.

டாக்டர் என் ரிப்போர்ட்டை நம்பினார். எக்ஸ்ரே எடுக்கலாமா என்று ஜெர்சன் கேட்டபோது, சளியே சுத்தமாக இருக்கிறது, எதற்கு என்றேன். அவன் தேய்ந்துகொண்டே வந்தான். கம்பெனி பஸ் ஏற முடியாமல் வேலையை விட்டான். சொந்தக்காரர்கள் வாசலில் நின்றே விசாரித்துவிட்டுப் போனார்கள். உள்ளே போய் உட்கார்ந்தது நான் ஒருவன்தான். முகத்தில் துணி கட்டிக்கொண்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, பக்கத்தில் உட்கார்வேன். அவன் துப்புகிற கிண்ணத்தைக் கொண்டுபோய்ச் சாம்பலும் வெந்நீரும் போட்டுக் கழுவுவேன். ஃபீபி சமையலறைக் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் ஜெர்சன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "டெட்டாலு, உன்ன எவ்ளோ கிண்டல் பண்ணேன்டா" என்றான். நான் கையை விடுவித்துக்கொண்டு கிண்ணத்தைக் கழுவ எடுத்துப் போனேன்.

இரண்டாயிரத்தில், ஈஸ்டர் முடிந்த வாரம், காலையில் ரத்தமாக வாந்தியெடுத்து அவள் மடியிலேயே போனான். அவன் கஞ்சா குடித்தது அதற்குள் ஊருக்கே தெரிந்திருந்தது. கஞ்சா நுரையீரலைத் தின்றுவிட்டது என்றார் டாக்டர். பழைய ஆயர் அடக்க ஆராதனையில் கஞ்சாவைப் பற்றியே முக்கால் மணி நேரம் பேசினார். வாலிபர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் பெட்டியின் முன்பக்கத்தைத் தோளில் சுமந்தேன்.

அந்தோணி போன பிறகு அவன் தன் வீட்டுக்குக் கொண்டுபோய், பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த இந்தச் சிலும்பியை ஃபீபிதான் கண்டுபிடித்துக் கொண்டுவந்தாள். "இத உடைச்சிப் பாலாத்துல எறிஞ்சிடுங்க. எங்க குடியக் கெடுத்த சனியன்" என்றாள். சரி என்றேன். ஆனால் உள்ளே அவ்வளவு அழுக்கு. அவன் கடைசியில் கழுவாமலே குடித்திருக்கிறான். அழுக்கோடு ஒரு பொருளைத் தூக்கியெறிய எனக்கு மனம் வராது. கழுவினேன். கழுவிய பிறகு உடைக்க மனம் வரவில்லை.

அதன் பிறகு ஃபீபிக்கு நான் எவ்வளவு செய்தேன் என்பதைச் சபையே சொல்லும். அவளும் ஒருநாள் அண்ணா என்பதை நிறுத்தினாள். போன வருஷம் கிறிஸ்துமஸ் முடிந்து, அவள் வீட்டு முன்னறையில் என் எதிரே உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஊரே அவரத் தொட பயந்துச்சி. நீங்க அவர் எச்சில் கிண்ணத்தக் கழுவுனீங்க. உங்க கையப் பத்தி நான் ஒரு காலத்துல தப்பா பேசினவ. மன்னிச்சிடுங்க. அதவிட சுத்தமான கை எனக்குக் கெடைக்காது."

அழுதுவிட்டேன், ஐயா. சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், பிடித்த கையை எதிலும் துடைக்கவில்லை. அந்த நிமிஷத்தில் எனக்கு இந்த உலகத்தில் யார்மேலும் எந்த மனத்தாங்கலும் இல்லை. ஜெர்சன்மேல்கூட.

ஏன் எழுந்துவிட்டீர்கள்? உட்காருங்கள், இன்னும் கொஞ்சம்தான். தண்ணீர் குடியுங்கள். அந்தத் தம்ளரை நான் தொடவில்லை.

லெந்து நோன்புக் காலம் தொடங்கியதிலிருந்து ஃபீபி இருமுகிறாள்.

போன வாரம் சளி கொடுத்தாள். இந்தத் தடவை டப்பாவை என் கையிலேயே கொடுத்தாள், விரல்மேல் விரல் பட. நான் பார்த்தேன். இருக்கிறது. இரண்டு வருஷம் அவள் நெஞ்சில் சத்தம் போடாமல் கிடந்து இப்போது எழுந்திருக்கிறது. நான் அதை நினைத்துப் பார்க்கவே இல்லை என்று சொன்னால் நம்புவீர்களா? ஜெர்சனோடு ஒரே அறையில் படுத்தவள், அவனை மடியில் போட்டுக்கொண்டவள். இத்தனை வருஷம் இந்த வேலை பார்ப்பவனுக்கு அது தோன்றவே இல்லை. தோன்றாமல் பார்த்துக்கொண்டேன் போலிருக்கிறது. அந்தக் கண்ணாடியையும் கழுவிவிட்டேன்.

ஒன்றுமில்லை, சாக்பீஸ் தூசி என்று சொல்லியிருக்கிறேன். பள்ளிக்கூடத்துக்கு லீவு போடட்டுமா என்று கேட்டாள். மூன்றாம் வகுப்பு எடுக்கிறாள். பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்துத்தான் படிக்கச் சொல்லித்தருவாள், அவள் பழக்கம் அது. லீவு வேண்டாம் என்றேன். லீவு போட்டால் கேள்வி வரும். டி.பி. என்று தெரிந்தால் வீட்டுக்கே ஆள் வந்து விசாரிப்பார்கள், வீட்டில் முன்னால் யாருக்கு இருந்தது என்பார்கள். ஜெர்சன் பேர் வரும். ரிப்போர்ட் கொடுத்தது யார் என்று வரும். கல்யாணம் தள்ளிப்போகும். அவள் என் கையைப் பற்றி மறுபடியும் வேறுமாதிரி நினைக்க ஆரம்பிப்பாள். அது மட்டும் என்னால் தாங்க முடியாது.

கல்யாணம் முடியட்டும். மெட்ராஸிலிருந்து மாத்திரை வாங்கிவந்து, சத்து மாத்திரை என்று சொல்லி, நானே என் கையால் கொடுப்பேன். ஒருநாள் தவறாது. அவளை நான் குணப்படுத்துவேன். வேறு யாரால் அவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொள்ள முடியும், சொல்லுங்கள்? மூன்று ஓலைதானே, அதற்குள் ஒன்றும் ஆகிவிடாது. ஆகாது என்றுதான் நினைக்கிறேன்.

இதையெல்லாம் நீங்கள் யாரிடம் சொன்னாலும் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. கண்ணாடிகள் சுத்தமாக இருக்கின்றன. சிலும்பி சுத்தமாக இருக்கிறது. நான் உங்களை மிரட்டவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். நான் இரண்டு பேரைச் சாகவிட்டேன், ஜெர்சனைத் தெரிந்தே கொன்றேன் என்று உங்கள் முன்னால் சொல்லிவிட்டேன். போதும் என்றால் அதை எழுதிக்கூடக் கொள்ளுங்கள். ஆனால் வேண்டுகோளைக் கேட்டுவிடுங்கள், அதற்காகத்தானே இவ்வளவு நேரம்.

நம் கோயிலில் பெண்ணுக்கு முதலில் கொடுத்துவிட்டு, அதே பாத்திரத்தை மாப்பிள்ளைக்குக் கொடுப்பது வழக்கம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அதை மாற்ற வேண்டும். எங்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, அது உங்கள் சபை, உங்கள் துணி. ஃபீபிக்குக் காரணம் தெரிய வேண்டாம். மாப்பிள்ளை பயப்படுகிறார் என்று வேடிக்கையாகச் சொல்லிவிடுங்கள், அவள் சிரிப்பாள்.

அவளை நான் என் உயிருக்கு மேலாக நேசிக்கிறேன், ஐயா. பாத்திரத்தை மட்டும் முதலில் எனக்குக் கொடுங்கள்.